மார்பில் கட்டியும் வலியும்: சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் என்னிடம் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகள்

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியைத் தொடங்கி, பின்னர் சேலம் நகரில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி போடும் நாளிலும் கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நாளிலும் எல்லாரும் கலைந்து போன பிறகு ஒரு பெண் மட்டும் தயங்கி நிற்பாள். கதவைச் சாத்தலாமா என்று கேட்பாள். அதன் பிறகுதான், மார்பில் ஏதோ தட்டுப்படுகிறது என்றோ, சில நாட்களாக வலிக்கிறது என்றோ சொல்வாள். பல ஆண்டுகளில் பல ஊர்களில் கேட்ட அந்தக் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்ததால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மருத்துவரிடம் போவதற்கு முன்பும் போய் வந்த பின்பும் வாசிப்பதற்காக எழுதியது இது. அவர் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்வதற்கு ஈடாக இதை யாரும் கொள்ள வேண்டாம்.

மார்பைத் தொட்டா, ஜவ்வரிசியைத் துணியில முடிஞ்சு வெச்ச மாதிரி உள்ள நெருடுதுங்க. இது நோயா?

பெரும்பாலும் இல்லை. மார்பு ஒரே சீரான சதைப் பிண்டம் அன்று. ஒவ்வொரு மார்பிலும் 15 முதல் 20 வரை பால் சுரப்பித் தொகுதிகளும், அவற்றிலிருந்து காம்பை நோக்கி வரும் பால் குழாய்களும், அவற்றைத் தாங்கும் நார்த்திசுவும், இடையிடையே கொழுப்பும் இருக்கின்றன. கொழுப்பு மெத்தென்றும் சுரப்பி சற்றுக் கெட்டியாகவும் இருப்பதால், விரலை வைத்து அழுத்தும்போது மேடு பள்ளமாகத் தெரிவது இயல்பே. அக்குள் பக்கமாக உள்ள மேல் வெளிப்பகுதியில் சுரப்பி அதிகம். நெருடலும் அங்கேதான் அதிகமாகத் தெரியும்.

சில பெண்களுக்கு, குறிப்பாக 30 வயதிலிருந்து 50 வயது வரை, நார்த்திசு கூடுவதும் சிறு சிறு நீர்ப்பைகள் தோன்றுவதும் சற்று மிகையாக நடக்கும். இதை முன்பு நார்நீர்க்கட்டி நோய் என்றார்கள். மிகப் பல பெண்களுக்கு இது ஏற்படுவதால் இப்போது நோய் என்ற சொல்லை விடுத்து, நார்நீர்க்கட்டி மாற்றம் என்றே மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். உங்கள் சீட்டில் 'பைப்ரோசிஸ்டிக்' என்று எழுதியிருந்தால் அதன் பொருள் இதுதான்.

இரண்டு மார்பிலும் ஒரே மாதிரி பரவலாக நெருடினால் கவலை குறைவு. மற்ற இடங்களிலிருந்து தனித்து, கைக்கு எல்லை தெரியும்படி ஓரிடத்தில் மட்டும் ஒன்று தட்டுப்பட்டாலோ, ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தடித்திருந்தாலோ, அதை யார் என்ன சொன்னாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொட்டுப் பார்க்க ஏற்ற காலம் மாதவிடாய் முடிந்த அடுத்த சில நாட்களே. அப்போதுதான் வீக்கம் வடிந்து மார்பு இளக்கமாக இருக்கும்.

வீட்டு விலக்காகறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே மார்பு கனத்து, ரவிக்கை பட்டாக்கூட வலிக்குது. ஏன் நர்சம்மா?

சினைப்பையிலிருந்து கருமுட்டை வெளிப்பட்ட பிறகு, அடுத்த மாதவிடாய் வரும்வரை உடல் ஒரு கர்ப்பத்தை எதிர்பார்த்துத் தன்னைத் தயார்படுத்துகிறது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் பால் சுரப்பிகள் பருத்து, திசுக்களில் நீர் கோத்து, மார்பு கனக்கிறது. கர்ப்பம் இல்லையென்று ஆகி, மாதவிடாய் தொடங்கியதும் அந்தத் தூண்டுதல் விலகி வலி தணிகிறது. இரண்டு மார்பிலும், பெரும்பாலும் மேல் வெளிப்பகுதியில், அக்குளுக்கும் மேற்கைக்கும் இழுப்பதுபோல் வருவது இந்த மாதச் சுழற்சி வலியின் அடையாளம். ஒரு பக்கம் சற்று அதிகமாக இருக்கலாம்.

உங்கள் வலி இந்த வகைதானா என்று அறிய, இரண்டு மூன்று மாதங்களுக்கு நாள்காட்டியில் வலித்த நாளையும் மாதவிடாய் வந்த நாளையும் குறித்து வையுங்கள். பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த நாளும் எழுதும் அதே நாள்காட்டி போதும். அந்தத் தாளோடு வரும் பெண்ணுக்கு மருத்துவர் பாதி விடையை அப்போதே சொல்லிவிடுவார்.

இப்படி வலிச்சா அது கேன்சர்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்களே?

நான் எழுத உட்கார்ந்ததற்கே முக்கியக் காரணம் இந்தக் கேள்விதான். கட்டி எதுவும் இன்றி வலி மட்டும் இருக்கும்போது அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆனால் நம் ஊர்ப் பெண்கள் வலிக்கும் மார்பைப் பற்றி இரவெல்லாம் அஞ்சிவிட்டு, வலிக்காத கட்டியை "அது பாட்டுக்கு இருக்குது, ஒண்ணும் செய்யல" என்று மாதக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். அச்சமும் நிம்மதியும் இடம் மாறிக் கிடக்கின்றன. காபிப் பழம் பறிக்கும் பருவம் முடியட்டும், மகள் திருமணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் அனைவரும் சொன்ன காரணம், "வலிக்கலையே" என்பதுதான்.

இதைத் திருப்பிப் போட்டு, வலிக்கும் கட்டி என்றால் ஆபத்தில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சிலருக்குப் புற்றுநோய்க் கட்டியும் வலிக்கும். வலியைக் கொண்டு கட்டியின் தன்மையைத் தீர்மானிக்க முடியாது. கட்டி என்று ஒன்று இருந்தால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் பரிசோதனை வேண்டும்.

எனக்கு ஒரே பக்கம், ஒரே இடத்துலதான் வலிக்குது. தறியில உட்கார்ந்து எழுந்தா அதிகமாகுது.

அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறியில் உட்காரும் பெண்களிடமும், செவ்வாய்ப்பேட்டையில் குனிந்தபடி கொலுசுக்குப் பற்றவைப்பவர்களிடமும், மலையில் காபிப் பழக் கூடையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குபவர்களிடமும் இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். இந்த வலி பெரும்பாலும் மார்பகத்தில் எழுவதே இல்லை. மார்பகத்துக்குப் பின்னால் உள்ள நெஞ்சுத் தசையிலோ, விலா எலும்பு நடு எலும்போடு சேரும் குருத்தெலும்பிலோ எழுந்து, மார்பகத்தில் வலிப்பதுபோல் தோன்றுகிறது. ஒருக்களித்துப் படுத்து, மார்பகத்தை ஒரு பக்கமாக விலக்கிவிட்டு, விலா எலும்பின் மேல் விரலால் அழுத்தும்போது அதே வலி வந்தால் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். கையை மாற்றி வேலை செய்வது, இடையிடையே எழுந்து தோளை விரிப்பது, சில நாட்கள் வலி நிவாரணக் களிம்பு ஆகியவற்றால் பலருக்குக் குறைந்துவிடும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நடக்கும்போதோ மேடு ஏறும்போதோ நெஞ்சை அழுத்தி, வியர்த்து, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இதயத்தின் வலியாக இருக்கலாம். அப்போது இந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிராமல் 108ஐ அழையுங்கள்.

காபி குடிச்சா மார்வலி வரும்னு டிவியில சொன்னாங்க. நாங்க காபித் தோட்டத்துலயே பொழைக்கறவங்க, என்ன பண்றது?

1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காபிச் செடியை ஊன்றச் செய்தது முதல் ஏற்காட்டில் காபி என்பது சோறு. அதனால் இந்தக் கேள்வியை நான் வேறெந்த ஊரையும்விட அங்கே அதிகம் கேட்டேன். காபியில் உள்ள கஃபீனை நிறுத்தினால் மார்பின் நெருடலும் வலியும் குறைகின்றன என்ற கருத்து 1970களின் இறுதியில் அமெரிக்காவில் எழுந்தது. பின்னர் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. காபிப் பழத்தைப் பறிப்பதாலும் உலர்த்துவதாலும் மார்பில் எதுவும் ஏற்படாது.

ஆயினும் சிலர், காபியைக் குறைத்தபோது தமக்கு வலி குறைந்தது என்கிறார்கள். ஒரு நாளில் ஐந்தாறு டம்ளர் குடிப்பவர் இரண்டு மாதம் குறைத்துப் பார்ப்பதில் கேடில்லை. குறைந்தால் நல்லது, குறையாவிட்டால் மறுபடி குடிக்கலாம், அதற்காக மனம் குன்ற வேண்டியதில்லை.

வலிக்கு நானா என்ன செஞ்சுக்கலாம்? மாத்திரை ஏதாவது இருக்குதா?

முதல் மருந்து அளவான உள்ளாடை. பல வீடுகளில் பெண்கள் திருமணத்தின்போது வாங்கிய அளவையே இரண்டு குழந்தைகளுக்குப் பிறகும் அணிகிறார்கள். சிலர் ரவிக்கைக்குள் எதுவும் அணிவதில்லை. அடிப்பட்டை உடலோடு ஒட்டி நின்று மார்பைத் தாங்க வேண்டும், தோள் நாடா தோலில் பதியக் கூடாது. வலி மிகுந்த நாட்களில் இரவிலும் மென்மையான ஒன்றை அணியலாம். இது சாதாரண யோசனையாகத் தோன்றினாலும் பலருக்கு இதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. வலி புற்றுநோயால் அன்று என்று பரிசோதித்துச் சொன்ன மாத்திரத்திலேயே பெரும்பாலோர்க்கு வலி தாங்கக்கூடியதாகிவிடுவதும் உண்மை. அச்சம் தீரும்போது வலியும் இறங்குகிறது.

அதற்கும் மேல் தேவைப்பட்டால், வலி உள்ள நாட்களில் பாராசிட்டமால் அல்லது டைக்ளோஃபெனாக் களிம்பு உதவும். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் களிம்பைக்கூடக் கேட்டுவிட்டே பூச வேண்டும். கடைகளில் விற்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய் மாத்திரை வெற்று மாத்திரையைவிட மேலானது என்று நிலைநாட்டப்படவில்லை. அதற்காகக் கைப்பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அன்றாட வேலையையே கெடுக்கும் வலிக்கு மருத்துவர் ஹார்மோன் வழியாகச் செயல்படும் மருந்து தருவார். நம் நாட்டில் அதிகம் பயன்படுவது ஓர்மிலாக்சிஃபென். லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டறிந்த இதுவே, அரசுக் குடும்பநலத் திட்டத்தில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகத் தரப்படும் கருத்தடை மாத்திரை. அதனால்தான், வலிக்கு மாத்திரை வாங்கி வந்த பெண்ணைப் பார்த்து வீட்டில் ஏன் கருத்தடை மாத்திரை என்று கேள்வி எழுகிறது. இதை உட்கொள்ளும்போது மாதவிடாய் தள்ளிப்போகலாம். கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், சினைப்பை நீர்க்கட்டி உள்ளவர்கள் ஆகியோர்க்கு இது ஏற்றதன்று. தோழிக்குக் கேட்டது என்று வாங்கி விழுங்காதீர்கள்.

என் பொண்ணுக்கு பத்தொன்பது வயசு. மார்புல கோலிக்குண்டு மாதிரி உருளுது. 'பைப்ரோஅடினோமா'ன்னு எழுதியிருக்காங்க. எடுத்தாகணுமா? கல்யாணத்துக்குத் தடையாகுமா?

பைப்ரோஅடினோமா என்பது பால் சுரப்பியும் நார்த்திசுவும் சேர்ந்து உருண்டு வளர்ந்த ஒரு சாதாரணக் கட்டி. 15 வயதிலிருந்து 35 வயது வரை உள்ள பெண்களிடம் அதிகம் காணப்படும். ரப்பர்போல் கெட்டியாக, வழவழப்பாக, விரலால் தொட்டால் வழுக்கி நகரும். அதனால் மருத்துவர்கள் இதை மார்பகச் சுண்டெலி என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் வலிக்காது. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை இருக்கும்.

ஸ்கேனிலும், தேவைப்பட்டால் ஊசிப் பரிசோதனையிலும் இது உறுதியான பிறகு, சிறியதாக இருந்தால் எடுக்க வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ ஆண்டுக்கு ஒருமுறையோ ஸ்கேன் செய்து அளவைப் பார்த்துவந்தால் போதும். சில தானாகவே சுருங்கும், பல அப்படியே நிற்கும். 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, அந்தப் பெண்ணே அது வேண்டாம் என்று விரும்பினாலோ எடுப்பார்கள். வேகமாக வளரும் கட்டியை விடக்கூடாததற்குக் காரணம், தோற்றத்தில் இதைப் போலவே இருக்கும் ஃபைலோட்ஸ் என்ற வேறொரு கட்டி இருப்பதுதான். அதைச் சுற்றுத் திசுவோடு சேர்த்து முழுமையாக அகற்ற வேண்டும்.

திருமணத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் கருத்தரிப்பதற்கும் தாய்ப்பால் கொடுப்பதற்கும் இது தடையில்லை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மிகுவதால் சற்றுப் பெரிதாகலாம். ஆகவே கர்ப்பமானதும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பெண் பார்க்க வருவதற்குள் வடு தெரியாமல் எடுத்துவிட வேண்டும் என்று அவசரப்படும் தாய்மார்களிடம் நான் மன்றாடிச் சொன்னது ஒன்றே: தேவையில்லாத அறுவைக்கு மகளை உட்படுத்தாதீர்கள், தேவையான பரிசோதனையை மறைத்து ஒத்திப்போடவும் செய்யாதீர்கள்.

எனக்கு நீர்க்கட்டின்னு சொன்னாங்க. அதான் குழந்தை தள்ளிப்போகுதுங்களா?

இங்கே ஒரே சொல் இரண்டு உறுப்புகளுக்கு வழங்குவதால் குழப்பம் நேர்கிறது. நம் பேச்சில் நீர்க்கட்டி என்றாலே சினைப்பையில் வரும் நீர்க்கட்டிகளைத்தான் நினைக்கிறோம். மாதவிடாய் ஒழுங்கின்மைக்கும் குழந்தைப்பேறு தாமதமாவதற்கும் தொடர்புடையது அதுவே. மார்பில் வரும் நீர்க்கட்டி வேறு. அது பால் சுரப்பியின் முனைகள் விரிந்து நீர் தேங்கிய பை. 35 வயதுக்கும் 50 வயதுக்கும் இடையில் அதிகம் தோன்றும். கருப்பைக்கோ கருத்தரிப்புக்கோ அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. உங்கள் சீட்டை எடுத்து எந்த உறுப்பின் ஸ்கேன் என்று முதலில் பாருங்கள்.

அந்த நீரை ஊசியில எடுத்தாங்க, கட்டி மறைஞ்சுது. மூணே மாசத்துல மறுபடி வந்துடுச்சு. அப்ப அது கெட்ட கட்டிதானே?

திரும்ப வந்ததால் மட்டும் அது கெட்டதாகிவிடாது. மார்பின் நீர்க்கட்டிகள் மீண்டும் நிரம்புவதும் பக்கத்தில் புதிதாகத் தோன்றுவதும் வழக்கமே. ஸ்கேனில் உள்ளே வெறும் நீர் மட்டும் உள்ள மெல்லிய சுவர்ப்பையாகத் தெரிந்தால், வலிக்காதவரை அதை உறிஞ்சவே வேண்டியதில்லை. உறிஞ்சிய நீர் வைக்கோல் நிறமாகவோ பச்சையாகவோ இருப்பது இயல்பு.

கவனிக்க வேண்டியவை வேறு: நீரில் இரத்தம் கலந்திருப்பது, நீரை எடுத்த பின்னும் அதே இடத்தில் கட்டி எஞ்சியிருப்பது, பைக்குள் கெட்டியான பகுதி இருப்பதாக ஸ்கேன் சொல்வது. இவற்றில் எது இருந்தாலும் பயாப்ஸி, அதாவது திசுவைச் சிறிதளவு எடுத்துச் சோதிப்பது, தேவை.

கட்டியில ஊசி குத்தினா உடம்பெல்லாம் பரவிடும்ங்கறாங்க. அதனாலதான் வேண்டாம்னு வந்துட்டேன்.

இந்த நம்பிக்கையால் திரும்பிப்போன பெண்களின் முகங்கள் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. ஊசி குத்தியதால் சாதாரணக் கட்டி புற்றாக மாறாது. புற்றாக இருந்தாலும், ஊசி குத்தியதால் அது பரவி ஒருவருடைய ஆயுள் குறைந்தது என்பதற்குச் சான்று இல்லை. இந்த எண்ணம் பிறந்த விதம் எனக்குப் புரிகிறது. நோய் ஏற்கெனவே முற்றிய நிலையில் ஒருவர் வருகிறார். ஊசிப் பரிசோதனை நடக்கிறது. சில மாதங்களில் அவர் இறந்துபோகிறார். ஊரார் கண்ணுக்கு ஊசி தெரிந்தது, அதற்கு முந்தைய ஓராண்டுத் தாமதம் தெரியவில்லை.

இந்தப் பரிசோதனை இரண்டு வகைப்படும். மெல்லிய ஊசியால் அணுக்களை மட்டும் உறிஞ்சுவது எஃப்.என்.ஏ.சி. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சற்றுத் தடித்த ஊசியால் திசுவைச் சிறு குச்சிபோல் எடுப்பது கோர் பயாப்ஸி. இரண்டாவது கூடுதல் விவரம் தரும். இரண்டுக்குமே மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. இடத்தில் சில நாள் கன்றிப்போயிருக்கும், அவ்வளவே.

டாக்டர் கையால பார்த்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, இப்ப ஊசியும்ங்கறாங்க. எதுக்கு இத்தனை?

மூன்றும் ஒன்றுக்கொன்று சாட்சி. கை சொல்வதும் படம் சொல்வதும் திசு சொல்வதும் ஒத்துப்போனால்தான் முடிவு உறுதி. இதற்கு மும்முறைப் பரிசோதனை என்று பெயர். எல்லாருக்கும் மூன்றும் தேவைப்படாது. முன்பு சொன்ன தெளிவான நீர்க்கட்டிக்கு ஸ்கேனோடு முடிந்துவிடும்.

இளம் பெண்களின் மார்பில் சுரப்பி அடர்த்தி அதிகம் என்பதால், மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமில் எல்லாம் வெண்மையாகத் தெரிந்து கட்டி மறைந்துபோகலாம். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனே முதல். 40 வயதைக் கடந்தவர்களுக்கு மேமோகிராமும் சேர்த்துச் செய்வார்கள். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் அல்ட்ராசவுண்ட் பாதுகாப்பானது. பிரசவம் முடியட்டும் என்று கட்டியைக் காத்திருக்க வைக்கக் கூடாது.

ரிப்போர்ட்டுல 'பைராட்ஸ் 3'ன்னு இருக்குது. மூணாவது ஸ்டேஜ்னு நெனச்சு வீட்ல எல்லாரும் அழுதுட்டோம்.

அழுதுவிட்டு வந்த குடும்பங்கள் இது ஒன்றல்ல. பைராட்ஸ் என்பது நோயின் நிலை அன்று. படத்தைப் பார்த்த மருத்துவர் தமது ஐயத்தின் அளவைக் குறிக்கும் எண். 1 என்றால் எதுவும் இல்லை, 2 என்றால் சாதாரணக் கட்டி. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணமே, புற்றாக இருக்க வாய்ப்பு 100இல் 2க்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொருள். 4, 5 என்றால் பயாப்ஸி செய்தாக வேண்டும். 6 என்பது பயாப்ஸியில் புற்று உறுதியானவர்களுக்கு. 0 என்று இருந்தால் படம் போதவில்லை, இன்னொரு பரிசோதனை தேவை என்று பொருளே தவிர, எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த 0வைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்களும் உண்டு.

பால் கட்டிக்கிட்டு மார்பு கல்லு மாதிரி ஆயிடுச்சு, காய்ச்சலும் வருது. குழந்தைக்குக் கொடுக்கலாமா? மல்லிகைப்பூ வெச்சுக் கட்டச் சொல்றாங்க அத்தை.

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பால் தேங்கி வீங்கிய நிலையில் நிறுத்தினால் வீக்கம் கூடும். குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுகிறதா என்று செவிலியரிடம் காட்டுங்கள். பால் கொடுத்த பின் குளிர்ந்த ஈரத்துணியை வையுங்கள். அழுத்திப் பிசைந்து உருவ வேண்டாம், அது உள்திசுவைப் புண்ணாக்கும். காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் கிருமித் தொற்று எனக் கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே உட்கொள்ளத்தக்க ஆன்டிபயாடிக் இருக்கிறது. சீழ் பிடித்துவிட்டால் ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுத்துவிடலாம். முன்போல் எல்லாருக்கும் கீறிவிட வேண்டியதில்லை.

மல்லிகைப்பூவைப் பொறுத்தவரை, அத்தை சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. குழந்தையை இழந்த தாய்க்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைச் சரம் கட்டுவது நம் மரபு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் இதை மாத்திரையோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, பூவும் பாலைக் குறைக்கிறது என்று 1988இல் வெளியிட்டார்கள். பால் வேண்டும் என்று இருக்கும் தாய், பாலை வற்றச் செய்வதைக் கட்டக் கூடாது.

ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் சிவப்பும் தடிப்பும் போகவில்லையென்றால், இன்னொரு முறை அதே மருந்தை வாங்கிச் சாப்பிடாமல் பயாப்ஸி பற்றிக் கேளுங்கள். காசநோய் மார்பிலும் வரும். குழந்தை பெற்ற சில ஆண்டுகளுக்குள் இளம் பெண்களுக்கு வரும், திரும்பத் திரும்பச் சீழ் வடியும் கிரானுலோமேட்டஸ் அழற்சி என்ற ஒன்றும் உண்டு. அது புற்றுநோயைப் போலவே தோற்றமளித்தாலும் புற்றுநோய் அன்று. அழற்சியைப் போல் தோன்றும் புற்றுநோயும் இருப்பதால், இவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது.

குழந்தைக்குப் பால் நிறுத்தி மூணு வருஷமாச்சு. இன்னும் காம்புல நீர் வருது.

எப்படி வருகிறது என்பதே விடை. இரண்டு காம்பிலும், பல துளைகளிலிருந்து, பிதுக்கினால் மட்டும் பால்போல் வந்தால் பெரும்பாலும் ஹார்மோன் காரணம். கர்ப்பமா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு தைராய்டும், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் பரிசோதிப்பார்கள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், சில மனநல மருந்துகள் ஆகியவையும் இதைச் செய்யும் என்பதால், சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் கொண்டுபோங்கள். பச்சையாகவோ பழுப்பாகவோ பல துளைகளில் வந்தால், வயதேறும்போது பால் குழாய்கள் விரிவதால் இருக்கலாம்.

ஒரே காம்பில், ஒரே துளையிலிருந்து, தானாகவே, இரத்தமாகவோ தெளிந்த நீராகவோ வந்து உள்ளாடையை நனைத்தால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். அதற்கும் பெரும்பாலும் காரணம் பால் குழாய்க்குள் வளரும் பாப்பிலோமா என்ற சாதாரண மருதான். ஆயினும் அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். வருகிறதா வருகிறதா என்று தினமும் பிதுக்கிப் பார்ப்பதை நிறுத்துங்கள். பிதுக்கப் பிதுக்க அது சுரந்துகொண்டே இருக்கும்.

ஒன்பது வயசுப் பொண்ணுக்கு ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில கட்டி. வெட்டி எடுத்துடலாமா?

வேண்டவே வேண்டாம். அது மார்பு அரும்புவது. 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்கும், பலருக்கு ஒரு பக்கம் முதலிலும் மறுபக்கம் சில மாதம் கழித்தும் வரும், தொட்டால் வலிக்கும். அந்த அரும்பை அகற்றினால் அந்தப் பக்கம் மார்பே வளராது. 8 வயதுக்கு முன்பே தொடங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, மார்பு வீங்கிச் சொட்டுப் பால் வருவதும் தாயின் ஹார்மோனால்தான். அதைப் பிதுக்கினால் சீழ் பிடிக்கும். சில வாரங்களில் தானாக அடங்கும்.

எங்க காட்டறது? ஆம்பள டாக்டரா இருந்தா என்ன பண்றது? செலவுக்கு வழியில்லீங்க.

உங்கள் ஊர்த் துணை சுகாதார நிலையச் செவிலியரிடமோ, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண்ணிடமோ முதலில் சொல்லலாம். 30 வயதைக் கடந்த பெண்களுக்கு மார்பைக் கையால் பரிசோதிப்பது ஆரம்ப சுகாதார நிலையத்தின் பணிகளில் ஒன்று. கட்டி இல்லாதவர்களும் கேட்டுச் செய்துகொள்ளலாம். மேல்பரிசோதனைக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மகப்பேறுப் பிரிவு அல்ல என்பதை நினைவில் வையுங்கள். மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தவர்கள் தவறான வரிசையில் நின்று, நேரம் முடிந்து, வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். ஐயம் இருந்தால் 104ஐ அழைத்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

பெண் மருத்துவர் வேண்டும் என்றோ, பரிசோதிக்கும்போது பெண் செவிலியர் உடன் இருக்க வேண்டும் என்றோ கேட்பது உங்கள் உரிமை. கேட்கக் கூச்சமாக இருந்தால் உடன் வந்தவரைக் கேட்கச் சொல்லுங்கள்.

எனக்கு சாதாரணக் கட்டின்னுட்டாங்க. ஆனா அக்காவுக்குக் கேன்சர் இருந்துது. எனக்குப் பின்னாடி வருமா?

கட்டியின் வகையையும் குடும்ப வரலாற்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். தெளிவான நீர்க்கட்டியும் சாதாரண பைப்ரோஅடினோமாவும் பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டுவதில்லை. பயாப்ஸியில் அணுக்கள் மிகுந்து பெருகியிருப்பதாகச் சொன்னால் வாய்ப்பு ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடுகிறது. அணுக்கள் பெருகியதோடு உருவமும் மாறியிருந்தால், அதாவது 'ஏடிபிக்கல்' என்ற சொல் அறிக்கையில் இருந்தால், ஏறத்தாழ நான்கு மடங்கு. இவர்கள் ஆண்டுதோறும் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அக்காவுக்கு எந்த வயதில் வந்தது, அம்மா வழியிலும் அப்பா வழியிலும் வேறு யாருக்கு மார்பிலோ சினைப்பையிலோ புற்று இருந்தது என்பதை எழுதிக்கொண்டு போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். இளம் வயதில் பலருக்கு வந்திருந்தால் மரபணுப் பரிசோதனை பற்றி அவர் பேசுவார். அப்பா வழியை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம்; அந்த மரபணு அப்பா வழியாகவும் வரும்.

எனக்கு அம்பத்தஞ்சு வயசு, நின்னு அஞ்சு வருஷமாச்சு. இப்பப் புதுசா ஒரு கட்டி. இதுவும் நீர்க்கட்டியா இருக்கும்தானே?

அப்படி எண்ணிக்கொண்டு இருக்கக் கூடாது. மேலே சொன்ன சாதாரணக் கட்டிகள் பெரும்பாலும் மாதவிடாய் இருக்கும் காலத்துக்கு உரியவை. மாதவிடாய் நின்றபின் அவை குறைந்து சுருங்க வேண்டும். அந்த வயதில் புதிதாக ஒன்று தோன்றினால், புற்று அன்று என்று உறுதிப்படும்வரை அதை ஐயத்துக்குரியதாகவே கொண்டு, இந்த வாரமே காட்டுங்கள். அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிக் கட்டியாவதும் உண்டு. ஆனால் எப்போதோ மாட்டுக்கொம்பு இடித்தது என்ற நினைவு பரிசோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது.

எல்லாம் நார்மல்னு எழுதிட்டாங்க. ஆனா கைக்குத் தட்டுப்படுது, மனசு ஒப்பல. திரும்பப் போனா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாங்களா?

மூன்று சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும் என்று முன்பு சொன்னேன். கைக்குத் தனிக்கட்டி தெரிந்து, படத்தில் எதுவும் தெரியாவிட்டால் சாட்சிகள் ஒத்துப்போகவில்லை. மேமோகிராமில் சில புற்றுகள் தெரியாமலேயே போகும். அந்த நிலையில் ஸ்கேனையும் ஊசிப் பரிசோதனையையும் பற்றிக் கேட்பது மருத்துவரை ஐயுறுவது ஆகாது. அவர் சலித்துக்கொண்டால் வேறொருவரிடம் காட்டுங்கள்.

சாதாரணம் என்று உறுதியானவர்களும் சில மாற்றங்களைக் கண்டால் அடுத்த தேதிக்குக் காத்திராமல் போக வேண்டும்: கட்டி பெரிதாவது அல்லது நகராமல் ஒட்டிக்கொள்வது, தோல் குழிவது, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்வது, காம்பில் ஆறாத புண், அக்குளில் நெறி கட்டுவது. போகும்போது பழைய படங்களையும் அறிக்கைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். சென்ற முறை 14 மில்லிமீட்டர் இருந்த கட்டி இப்போதும் 14தான் என்று ஒப்பிட்டுச் சொல்ல அந்தப் பழைய தாள் மட்டுமே உதவும். அது இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.